முட்டை உனக்கு, கஞ்சி அவளுக்கு

அருணாசலம்,

எப்போதும் எழுதும் 'அன்புள்ள' என்ற சொல்லை இன்று எழுதக் கை வரவில்லை. அதைப் போட்டுவிட்டு கீழே இதையெல்லாம் எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் தாளைக் கிழித்துப் போட்டேன். ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்தேன், ஆறவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், படித்துக்கொள். இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உனக்குப் பேசியிருக்கும் பெண்ணிடமும் இதில் ஒரு வரியைக்கூட மறைக்கப்போவதில்லை. நம் வீட்டில் மறைத்ததெல்லாம் போதும்.

தபால்காரர் வந்தபோது நானும் உன் அக்கா தனமும் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். உன் கடிதம் என்றால் அவளுக்கு அதற்குமேல் வேலை ஓடாது. "தம்பி இன்னாமா எழுதிக்கிறான், படி" என்றாள். நானும் எப்போதும் போல உரக்கப் படித்தேன். மண்டபம் பேசியாகிவிட்டது, தை மாதம் முகூர்த்தம், பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு வரிக்கும் அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. தாளைத் திருப்பினேன். 'கல்யாணத்துக்கு அக்காவை அழைத்து வர வேண்டாம்' என்று வாய் பாதி சொல்லியும்விட்டது. அதற்கப்புறம் இருந்ததை மனதுக்குள் படித்தேன். அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வர வேண்டுமாம். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டாயாம். கண்ணில்லாத அக்கா இருப்பது தெரிந்தால் பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களாம்.

"இன்னாமா நிறுத்திட்ட?" என்றாள்.

"எழுத்து புரியல."

"தம்பி எழுத்து உனக்குப் புரியலையா?" என்று சிரித்தாள். பிறகு, "என்னிய வர வேணான்றானா?" என்று கேட்டாள். நான் தாளை மடித்து இடுப்பில் செருகினேன். "சரி வுடு. அவ்ளோ கூட்டத்துல நான் வந்து இன்னா பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு, குனிந்து உரிக்க ஆரம்பித்தாள். உரித்த வேர்க்கடலைப் பருப்பை எல்லாம் தோல் போடும் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள், அருணாசலம். இத்தனை வருஷத்தில் அவள் கை ஒரு தடவைகூடக் கூடை மாறியதில்லை.

பரம்பரை வியாதி என்று எழுதியிருக்கிறாயே, யாருடைய பரம்பரை? என் பக்கத்தில் எழுபது வயது வரைக்கும் ஊசியில் நூல் கோத்தவர்கள் இருந்தார்கள். உன் அப்பா பக்கத்திலும் யாருக்கும் கண் போனதில்லை. அம்மை வார்த்ததில் அக்காவின் கண்ணை ஆத்தா எடுத்துக்கொண்டாள், உன்னை மட்டும் விட்டுவிட்டுப் போனாள் என்று சின்ன வயதிலிருந்து உனக்குச் சொல்லி வந்தோம். நீ பெரியவனாகி, படித்து, ஆத்தாவை விட்டுவிட்டுப் பரம்பரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். இரண்டும் பொய். அவள் கண் எப்படிப் போனது என்று இத்தனை வருஷம் நம் வீட்டில் தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். உன் அப்பா போய் எட்டு வருஷமாகிறது. மிச்சம் இருப்பவள் நான். சொல்கிறேன், கேள்.

அப்போது உனக்கு நாலு வயது, அவளுக்கு ஆறு. மழை பொய்த்த வருஷம். நம் வீட்டில் இரண்டு கோழிகள் இருந்தன. தினம் ஒரு முட்டையாவது கிடைக்கும். அது உனக்கு. ஒரு நாளும் தவறியதில்லை. வேகவைத்து, தோலுரித்து, உப்புத் தொட்டு உன் வாயில் நானே ஊட்டுவேன். வாரத்தில் ஒரு நாள் உன் அப்பா ஆட்டு ஈரல் வாங்கி வருவார். அது அவருக்கும் உனக்கும். தனத்துக்குக் கேழ்வரகுக் கூழ், இல்லையென்றால் கஞ்சி, தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம். நீ தின்னும்போது எதிரில் உட்கார்ந்து உன் வாயையே பார்ப்பாள். ஒரு நாள், "எனக்குக் கொஞ்சூண்டு மஞ்சக்கரு குடுமா" என்று கேட்டாள். "பொட்டப் புள்ளைக்கு நாக்கு நீளக்கூடாது" என்றேன். சொன்னது நான். உன் அப்பா என்று நினைத்துக்கொள்ளாதே. பெற்ற வயிறு, நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

கொல்லையில் கையெட்டும் உயரத்தில் முருங்கை தழைத்து நின்றது. கீரை கொடுத்தால் பிள்ளைகளுக்கு வயிறு கழியும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அதையும் கொடுக்கவில்லை. பப்பாளி சூடு என்றார்கள். அதையும் நிறுத்தினேன். ஊரில் யார் எதைச் சொன்னாலும் கேட்டேன். என் பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த ஐப்பசியிலிருந்தே விளக்கு வைக்கிற நேரத்தில் தனம் தடுமாற ஆரம்பித்தாள். பகலெல்லாம் ஓடி விளையாடும் பெண், பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர்த் தவலையில் இடித்துக்கொள்வாள். வாசற்படி தடுக்கி விழுவாள். தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் "கண்ண எங்க வெச்சுக்கினு நடக்கற?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். கண்ணின் வெள்ளையில் சோப்பு நுரை ஒட்டிக்கொண்டதுபோல ஒரு திட்டு இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடி இருந்தது.

கார்த்திகை தீபத்தன்று உன் அப்பா உங்கள் இருவரையும் களத்துமேட்டுக்குக் கூட்டிப் போனார். மலையில் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா என்று கத்தியது. அவர் தனத்தைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, "தெரியுதா பாப்பா, தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுதுப்பா" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் முகம் மலைப்பக்கம் இல்லை. கூட்டம் கத்திய பக்கம் திரும்பி, கையைக் கூப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மாலைக்கண் என்று எங்கள் ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். மறுநாளே டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? கண்ணில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளையை நினைத்து அவள் கண்ணை மறைத்தவள் நான். இப்போது நீ பெண்ணுக்காக அவளையே மறைக்கிறாய். இந்தப் புத்தி உனக்கு மெட்ராஸில் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடமிருந்துதான் வந்தது. நீ பரம்பரை என்று சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

பங்குனியில் ஊரெல்லாம் தட்டம்மை பார்த்தது. முதலில் உனக்கு வந்தது. நாலு நாள் கழித்து அவளுக்கு. வாசலில் வேப்பிலை செருகினேன். வீட்டில் தாளிக்கவில்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான். ஒரே பாயில் படுத்திருந்தீர்கள். ஒரே வேப்பிலையால் வருடினேன். உனக்கு எட்டாம் நாள் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாய். அவளுக்கு இறங்கிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. வயிற்றால் போனது, நிற்கவில்லை. காதில் சீழ் வடிந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே குழிந்தது. பிறகு கண்ணைத் திறக்க மாட்டேன் என்றாள். வெளிச்சம் பட்டாலே அலறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன்.

"மூணு தண்ணி ஊத்தாம வெளிய கூட்டினு போனா ஆத்தாவுக்குக் கோவம் வரும். பொறு" என்றார் உன் அப்பா.

பொறுத்தேன். ஆறு நாள் பொறுத்தேன். உன்னைப் பெற்றவளுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று ஊரில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று, அவள் தலையைத் துவட்டும்போது இமையைப் பிரித்துப் பார்த்தேன். கருவிழி வெந்த மீன் கண் போல வெளுத்து உருகிக் கிடந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்ததும் வேலூருக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் அவள் உன் அப்பா மடியில், நீ என் மடியில். வேலூரில் அவளைப் பார்த்தது வயதான ஒரு டாக்டரம்மா. டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு என் இடுப்பில் இருந்த உன்னைப் பார்த்தார்.

"இவனுக்கு அம்மை வரலையா?"

"இவனுக்குத்தாங்க மொதல்ல வந்துச்சு. எட்டு நாள்ல எறங்கிடுச்சு."

டாக்டரம்மா உன் கண்ணையும் இழுத்துப் பார்த்தார். "பையனுக்கு என்ன சாப்பாடு கொடுப்ப?" என்று கேட்டார்.

"காலையில ஒரு முட்டங்க. வாரத்துக்கு ஒருவாட்டி ஈரல்."

"பொண்ணுக்கு?"

"கூழு, கஞ்சி."

"முட்டை?"

நான் உன்னை இடுப்பில் ஏற்றி உட்காரவைத்துக்கொண்டேன்.

"கீரையாவது கொடுப்பியா?"

"கழியும்னு குடுக்கறதில்லீங்க."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அம்மைக்கு முன்னாடி, சாயந்திரம் ஆனா கண்ணு தெரியாம தடுமாறினாளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் உன் அப்பா.

"ஆமாங்க" என்றேன் நான். "ஐப்பசிலேருந்து."

உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க முடியாது. அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டாக்டரம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவதுதான், ஆனாலும் அது பாடம் போல மனதில் பதிந்துவிட்டது. "நம்ம ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கும்மா. கிருமி வந்தா அதை எதிர்த்து அழிக்கறது அதுங்கதான். அந்த அணுக்கள் சரியா வளரணும், சரியா வேலை செய்யணும்னா உடம்புல ஏ வைட்டமின் இருக்கணும். முட்டைல இருக்கு, ஈரல்ல இருக்கு, கீரைல, பப்பாளில இருக்கு. கண்ணு, தொண்டை, நுரையீரல், குடல் எல்லாத்துக்கும் உள்பக்கம் ஈரமா ஒரு தோல் இருக்கு. அதுக்கும் அந்த வைட்டமின்தான் வேணும். இல்லேன்னா காஞ்சு வெடிச்சிடும். அப்புறம் கிருமி உள்ள வர்றதைத் தடுக்க ஆளே இல்ல. உன் பையன் உடம்பு சேத்து வெச்சிருந்தது. அம்மை வந்தப்போ அதை வெச்சு ஜெயிச்சுட்டான். பொண்ணு உடம்புல முன்னாடியே ஒண்ணும் இல்ல. இருந்த கொஞ்சத்தையும் அம்மை தின்னுடுச்சு. அதனாலதான் வயித்தால போச்சு, காது சீழ் வெச்சது, நெஞ்சுல சளி கட்டுச்சு, கண்ணு போச்சு. நாலும் நாலு வியாதி இல்ல. ஒரே காரணம்."

"கண்ணு வருங்களா?" என்றார் உன் அப்பா.

"உசிரைக் காப்பாத்தப் பாக்கறேன். கண்ணு வராது. அந்தத் தடுமாற்றம் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஒரே ஒரு ஸ்பூன் மருந்து. அது போதும்."

அந்த மருந்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில், எண்ணெய் மாதிரி இருந்தது. உன் அக்கா அதைச் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, "தித்திப்பா இருக்குமா, தம்பிக்கும் குடு" என்றாள். கண் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. தம்பிக்கும் குடு என்றாள், அருணாசலம். இதை எழுதும்போதே உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஒரு மாதம் வேலூரில் இருந்தோம். உயிர் நின்றது. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊர் கூடிவிட்டது. "ஆத்தா கண்ண எடுத்துக்கினா" என்று உன் அப்பா சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் நான் தப்பித்துக்கொண்டேன். அம்மன்மேல் பழியைப் போட்டுவிட்டு ஆடிக்கு ஆடி அவளுக்கே கூழும் ஊற்றினேன். தனமும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள், போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று மல்லாட்டைக் கூடையைத் தள்ளிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, மஞ்சள் கரு, தீபம், மூன்று தண்ணீர், எல்லாம். சொல்லி முடித்ததும் என்னை அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டாள். பிறகு, "அப்ப ஆத்தா எம்மேல கோவப்படலையா?" என்று கேட்டாள். "நான் இன்னா தப்புப் பண்ணேன்னு தெரியாம தெனம் மன்னிப்புக் கேட்டுக்கினே இருந்தேன்மா." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீ படித்தவன், உனக்குத் தெரிந்தால் எழுது.

இவளைத்தான் நீ இல்லை என்று சொல்லியிருக்கிறாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நீ பாடத்தை உரக்கப் படிப்பாய், அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்பாள். இரண்டாம் தடவை நீ தடுமாறும் இடத்தில் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பாள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முந்தைய மாதம் முழுக்க உனக்குக் கேள்வி கேட்டது அவள்தான். ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காதவள், உன் சரித்திரப் புத்தகம் முழுக்க மனப்பாடமாகச் சொன்னாள். நீ முதல் வகுப்பில் தேறினாய். ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தோம். அவள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம் நம் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தனம் முறத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர், கண்ணில்லாத பெண் என்று பார்த்ததும் அவள் மடியில் காசைப் போட்டுவிட்டு நடந்தார். நீ உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாய். அந்தக் காசை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் அவரைத் துரத்திப் பிடித்து, "எங்க அக்கா ஒண்ணும் பிச்சக்காரி இல்ல, எடுத்துக்கினு போய்யா" என்று கையில் திணித்துவிட்டு வந்தாய். மூச்சிரைக்க வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். அந்தக் கோபத்தை எங்கே வைத்துத் தொலைத்தாய்? அந்தப் பெரிய மனிதர் ஒரு காசைப் போட்டுவிட்டாவது போனார். நீ அவளை ஆளே இல்லை என்று அழித்துவிட்டாய்.

நான் மட்டும் என்ன செய்து கிழித்தேன் என்று நீ கேட்கலாம். கேள். எமர்ஜென்சி சமயத்தில் அதே ஆரஞ்சு மருந்தை எடுத்துக்கொண்டு ஒரு நர்ஸம்மா நம் தெருவுக்கு வந்தார். கருத்தடைக்குப் பிடிக்கிற நேரம் அது. அரசாங்க மருந்து என்றாலே பயந்து, பெண்கள் எல்லாரும் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் ஒவ்வொரு கதவையும் காலால் உதைத்தேன். "எம் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டுக் கதவச் சாத்துங்கடி" என்று தனத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கண்ணுக்கான மருந்து என்று மட்டும் சொன்னேன், இவள் கண் எதனால் போனது என்று அன்றைக்கும் சொல்லவில்லை. அவளைக் காட்சிப்பொருளாக்கினேன் என்பது உண்மை. அதற்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு பிள்ளை விடாமல் வாய் திறந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்து எனக்குச் சமையல் வேலை கிடைத்த நாளிலிருந்து, சாம்பாரில் முருங்கைக்கீரை போடாமல் நான் இறக்கியதில்லை. பச்சையாக இருக்கிறது, பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்று வாத்தியார் சண்டைக்கு வந்தார். சாயங்காலம் பிள்ளைகள் எதிலும் இடித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு நடக்கிறார்களா என்று பாருங்கள், பிறகு பேசலாம் என்றேன். வாய் நீண்டவள் என்று ஊரில் பெயர் வாங்கினேன். நீளட்டும். நீள வேண்டிய நேரத்தில் நீளாமல் கிடந்த வாய் இது.

இப்போது நான் செய்துவிட்டு வந்ததைச் சொல்கிறேன். பெண்ணை மெட்ராஸில் அவள் சித்தப்பா வீட்டிலேயே பார்த்து முடிவு செய்தாய். கால் சுளுக்கிக் கிடந்ததால் நான் வரவில்லை. அதனால் உனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் பெண்ணின் சொந்த வீடு கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். திருவண்ணாமலையில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்த தூரத்தில் எத்தனை நாளைக்கு மறைக்கலாம் என்று நினைத்தாய்? நேற்று காலையில் தனத்துக்கு நல்ல புடவை கட்டி, தலை பின்னி, பூ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றாள். வந்தே ஆக வேண்டும் என்றேன்.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். "வாங்க சம்பந்தியம்மா" என்று எழுந்து வந்தார். தனத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க?" என்றார்.

"எம் பொண்ணு. மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த அக்கா."

"மாப்பிள்ளைக்கு யாரும் இல்லன்னு சொன்னாங்களே."

"பொய் சொல்லிட்டான். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். உனக்கு இங்கே எழுதியதை எல்லாம் அவர் முன்னால் நின்று சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்களுக்கு இது வருமா?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவர் கேட்கத்தான் செய்வார்.

"ரத்தத்துல வர்றது இல்லீங்க. தட்டுல வர்றது. ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே மாதிரி போட்டா எந்தப் புள்ளைக்கும் வராது" என்றேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் கோமதி வந்தாள். அழுது முகம் சிவந்திருந்தது. நேரே தனத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாலியில நாத்தனார் முடிச்சு யாரு போடுவாங்கன்னு அவர்கிட்ட கேட்டேன் அண்ணி. சித்தி பொண்ணு போடும்னு சொன்னார்" என்றாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்து, "கண்ணு தெரியாதவங்க வூட்டுக்குப் போறதுக்கு எனக்குப் பயமில்லப்பா. பொய் சொல்றவரு வூட்டுக்குப் போறதுக்குத்தான் பயமா இருக்குது. அவரே வரணும். இவங்களக் கையப் புடிச்சுக் கூட்டினு வந்து, இது எங்க அக்கான்னு நம்ம வாசல்ல நின்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றாள். அவள் அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என்னைவிட உன்மேல் கோபக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பார்கள். அதற்குமேல் காத்திருக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். வருவதானால் சனிக்கிழமை இங்கே வா. வந்ததும் என் காலில் விழாதே, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நேரே அவளிடம் போ. என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வராதே. பிரசங்கம் எதுவும் அவளுக்கு வேண்டாம். வராவிட்டால் பத்திரிகைகளை அடுப்பில் போடு. உனக்கு வேறு பெண் கிடைப்பாள், வேறு பொய்யும் கிடைக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு மட்டும் அப்புறம் வராதே.

பஸ்ஸில் திரும்பி வீட்டுக்கு வந்ததும் தனம் மஞ்சள் நூல் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். விரல் தடவியே போடுகிறாள். இறுகலாக, அழகாக விழுகிறது.

"நம்பாதடி, அவன் வர மாட்டான்" என்றேன்.

"வருவான்மா. உனக்கு அவனத் தெரியாது" என்றாள்.

உன்னைப் பற்றி அவள் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று சனிக்கிழமை தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா
அடி அண்ணாமலை